ரொட்டிக்கார அத்தான் நாடகம் பார்த்த கதை

என் அக்காவின் கணவர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். ஊர் தூங்கும்போது எழுந்து மாவு பிசைய வேண்டும். ஊர் எழுந்து வந்து சூடாக வாங்கிக்கொண்டு போன பிறகுதான் உடம்பைச் சாய்க்கலாம். தொழிலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கால் நூற்றாண்டு இதில் ஊறியதில் அத்தானுக்கு ஒரு கலை கைவந்துவிட்டது. எங்கே வேண்டுமானாலும், எந்த நிலையில் வேண்டுமானாலும் தூங்குவார். தலையணை தேடுகிறவனெல்லாம் இந்தக் கலையில் கற்றுக்குட்டி என்பது அவர் எண்ணம்.

பல் டாக்டரின் நாற்காலியில், பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே தூங்கியவர் அவர். வாய் எப்படியும் திறந்துதானே இருந்தது, வசதியாகப் போயிற்று என்றார். அக்காவின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறார். பார்க்கிறவர்கள் வெட்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெட்கமாவது, மண்ணாங்கட்டியாவது!

மற்றபடி தங்கமான மனிதர். கதவு அகலத்துக்கு உடம்பு, புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு, ஈ எறும்புக்குக்கூடக் கேட்காத குரல். அந்தக் குரலுக்கும் அவர் விடுகிற குறட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. குறட்டை வேறு யாரோ ஒரு பெரிய மனிதர் உள்ளே உட்கார்ந்து விடுவது போல இருக்கும்.

இவருக்கு ஒரே பெண். எனக்கு மருமகள். வயது இருபத்து நான்கு ஆகிவிட்டது என்றாலும் எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள், மாலையில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறாள். அவள் நடித்த முதல் நாடகத்தில் அத்தான் திரை தூக்கும் முன்பே தூங்கிப்போனார். இரண்டாவதில் தூக்கத்திலேயே நாற்காலியிலிருந்து வழுக்கிக் கீழே விழ, மாரடைப்பு என்று நினைத்து நாடகத்தையே நிறுத்திவிட்டார்கள். மூன்றாவதில் விழவில்லை. ஆனால் பாப்பா தன் தம்பியின் உடலைக் கட்டிக்கொண்டு அழுகிற கட்டத்தில், அரங்கம் மூச்சு விடாமல் இருந்த அந்த நேரத்தில், அத்தானின் குறட்டை மட்டும் எழுந்து நின்றது. பிணமாகக் கிடந்தவனே சிரித்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் பேச்சில்லை. இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் பாப்பா கடைக்கு வந்து, ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்த அப்பாவின் எதிரே நின்று சொன்னாள். நானும் அங்கே இருந்தேன்.

"அப்பா, இந்தத் தடவை நான்தான் கதாநாயகி. நீங்க வரணும். ஆனா தூங்கினீங்கன்னா, இனிமே எந்த நாடகத்துக்கும் உங்களைக் கூப்பிட மாட்டேன். கோவத்துல சொல்லலப்பா. மேடையில நின்னுக்கிட்டு உங்க தலை சாயறதைப் பாக்க என்னால முடியல."

கத்தியிருந்தால் அத்தான் தாங்கியிருப்பார். அவள் மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு ஓர் அடுப்பு ரொட்டி முழுக்கக் கருகியது. அவர் கையில் ரொட்டி கருகி நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

விஷயம் அக்காவின் கைக்குப் போயிற்று. அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தானோடு சேர்ந்து எழுவாள், சேர்ந்து மாவு பிசைவாள். அவர் சாய்ந்த பிறகு கடையைப் பார்ப்பாள், பிறகு வீட்டைப் பார்ப்பாள், பிறகு எங்கள் எல்லோருடைய குற்றம் குறைகளையும் பார்ப்பாள். "எனக்குத் தூக்கமே வராதுப்பா, அது என் உடம்பு வாகு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பாப்பாவின் மூன்று நாடகங்களையும் கண் கொட்டாமல் பார்த்த ஒரே ஆள் தான்தான் என்பதை மாதம் ஒரு முறையாவது அத்தானுக்கு ஞாபகப்படுத்தாமல் விடமாட்டாள்.

நாடகம் திங்கட்கிழமை மாலை. திங்கள் கடைக்கு விடுமுறை. வீட்டில் விட்டால் அத்தான் மத்தியானத்துக்குள் கட்டிலோடு ஒட்டிவிடுவார், பிறகு நெம்புகோல் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆகவே அக்கா ஒரு திட்டம் போட்டாள். முந்தின இரவு அவரை விடிய விடியத் தூங்க விடுவது. விடுமுறை என்றாலும் புளிக்க வைத்த மாவுக்கு விடுமுறை கிடையாதே, அதைக் கவனிப்பது, தட்டுகளைக் கழுவுவது, அடுப்பைத் துடைப்பது எல்லாவற்றையும் தானே இருந்து முடிப்பது. காலையில் ஆளைக் கிளப்பிக்கொண்டு போய், குளிரில் நாள் முழுக்க நகரத்தைச் சுற்றிக் காட்டுவது. உட்காரக் கூடாது. சாயக் கூடாது. கதகதப்பான இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

"நீயும் வா" என்றாள் என்னிடம்.

"நான் எதுக்கு அக்கா?"

"நீ மூக்குக் கண்ணாடிக் கடையிலதானே வேலை பாக்கறே? ஊரான் கண்ணையெல்லாம் தெறக்க வெக்கறே. உங்க அத்தான் கண்ணை ஒரு நாள் தெறந்து வெச்சுக்க மாட்டியா?"

என் வேலையைப் பற்றி அவளுக்கு இருக்கும் அறிவு அவ்வளவுதான். வாக்குவாதம் செய்து பலனில்லை என்பதால் போனேன்.

அன்று பனி சுத்தமாக விலகி, வெயில் சும்மா பேருக்கு அடித்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அத்தான் கனமான கோட்டும் கம்பளித் தொப்பியுமாக வாசலுக்கு வந்தார். அக்கா தொப்பியைப் பிடுங்கினாள்.

"காது குளிர்ந்தாத்தான் முழிப்பு இருக்கும்."

"சளி பிடிக்கும்டி."

"பிடிக்கட்டும். தும்மறவன் எவனும் தூங்கினதில்ல."

இப்படியாக எங்கள் உல்லாசப் பயணம் ஆரம்பமானது.

அத்தான் எங்கள் நகரத்தை மத்தியான வெளிச்சத்தில் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சுற்றுலாப் பயணி மாதிரி அண்ணாந்துகொண்டே நடந்தார்.

"மாப்ளே, இந்தக் கட்டடம் எப்ப வந்துச்சு?"

"நான் காலேஜ் படிக்கும்போதே இருக்கு அத்தான்."

"பரவாயில்ல, நல்லாத்தான் கட்டியிருக்கான்."

ஆற்றுப் பாலத்தில் நின்றோம். காற்று முகத்தில் அறைந்தது. அத்தானின் காது இரண்டும் பழுத்த தக்காளி நிறத்துக்கு வந்தன. அக்காவுக்குப் பரம திருப்தி. அவரோ கீழே படகையும், எதிர்க் கரையில் போய்க்கொண்டிருந்த ஜனங்களையும் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாப்ளே, இத்தனை பேர் பகல் பூரா முழிச்சுக்கிட்டு என்னதான் பண்றாங்க?"

யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதே சந்தேகம்தான்.

அருங்காட்சியகத்துக்குப் போனோம். உள்ளே நாற்காலிகள் இருக்கும் என்பதை அக்கா மறந்துவிட்டாள். ராஜாக்களின் வாளும் கேடயமும் இருந்த அறையில், மூலையில் ஒரு காவலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடி அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தான் எந்த வாளையும் பார்க்கவில்லை. காவலாளியின் எதிரே போய் நின்று, சிற்பத்தை ரசிப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"குடுத்து வெச்சவன்" என்றார்.

அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது.

அங்கிருந்து கடைவீதிக்குப் பேருந்து. நின்றுகொண்டுதான் பயணம் என்று அக்கா உத்தரவு. அத்தான் மேலே தொங்கிய பிடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது நிறுத்தத்துக்குள் நின்றபடியே தூங்கிவிட்டார். பேருந்து பிரேக் போடும் போதெல்லாம் அவர் தலை முன்னால் குனிந்து நிமிர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் இந்த மரியாதையில் நெகிழ்ந்து, ஒவ்வொரு தடவையும் பதிலுக்குத் தலை வணங்கினாள். இறங்கும்போது, "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஆமாம் என்றேன். உண்மைதானே?

பெரிய விபத்து மத்தியானத்துக்குப் பிறகு நடந்தது. அக்காவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கிற இடம் தேடிப் போகும்போது, எங்களை ஒரு பெரிய மரச்சாமான் கடை வாசலில் நிறுத்தி, "இவர் கையை விட்டுடாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். விடக்கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கடை வாசலில் ஒரு மேஜை விளக்கு வைத்திருந்தார்கள். தலையைத் தட்டினால் எரிகிறது, மறுபடி தட்டினால் அணைகிறது. நான் ஒரு நாலைந்து முறை தட்டியிருப்பேன். திரும்பினால் அத்தானைக் காணோம்.

கடைக்குள் ஓடினேன். சோபாக்களைப் பார்த்தேன், இல்லை. சாய்வு நாற்காலிகளைப் பார்த்தேன், இல்லை. அப்புறம்தான் தெருப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒரு கூட்டம் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தேன். கண்ணாடிக்கு உள்ளே, காட்சிக்கு வைத்திருந்த இரட்டைக் கட்டிலில், பட்டு விரிப்பின் மேல், செருப்பை ஒழுங்காகக் கீழே கழற்றி வைத்துவிட்டு, நடுநாயகமாக அத்தான். வயிற்றின் மேல் விலைச் சீட்டு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எழுப்பப் போனேன். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் என் கையைப் பிடித்து, உதட்டில் விரலை வைத்தார்.

"சார், தயவு செஞ்சு எழுப்பாதீங்க. பத்து நிமிஷத்துல மூணு மெத்தை போயிடுச்சு."

பக்கத்தில் ஒரு புதுத் தம்பதி நின்றுகொண்டிருந்தார்கள். "எங்களுக்கு இவரு படுத்திருக்கற அதே மாதிரிதான் வேணும்" என்று அந்தப் பெண் உறுதியாகச் சொன்னாள். விற்பனையாளர் என் பக்கம் சாய்ந்து, சார் வாரத்துக்கு ஒரு நாள் வந்து போக முடியுமா என்று கேட்டார். அவர் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் வாயெடுக்கும் நேரத்தில் மனைவியே வந்துவிட்டாள். தைத்த செருப்பு கையில் இருந்தது. கூட்டம் தானாக வழிவிட்டது.

"நான் தூங்கலம்மா. மெத்தை எப்படியிருக்குன்னு பாத்தேன்" என்றார் அத்தான், எழுந்து உட்கார்ந்து.

"கொறட்டை விட்டுத்தான் பாக்கணுமா?"

அதற்கப்புறம் அக்கா அவரை விட்டு ஓர் அடி விலகவில்லை. பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றினோம். எல்லாப் பெஞ்சிலும் ஜனங்கள் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் ஒவ்வொரு பெஞ்சையும், பசித்தவன் இலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே கடந்தார். அக்கா கொஞ்சம் முன்னால் போனதும் என் பக்கம் திரும்பினார். குரலில் விளையாட்டு இல்லை.

"மாப்ளே, பாப்பா மொதமொதல்ல எழுந்து நடந்தப்ப நான் தூங்கிட்டிருந்தேன். மொத வார்த்தை பேசினப்பவும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல பாடினா, பரிசு வாங்கினா, எல்லாமே உங்க அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் பொண்ணை நான் கேள்விப்பட்டே வளத்துட்டேன். இன்னிக்கு நானே பாக்கணும். நீ ஊசி வெச்சுக் குத்தினாலும் சரி."

வழியில் ஒரு கடையில் நல்ல குண்டூசியாகப் பார்த்து ஓர் அட்டை வாங்கிக்கொண்டேன்.

நாடக அரங்கத்தைத் தூங்குவதற்கென்றே கட்டியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். நாள் முழுக்கக் குளிரில் விறைத்துவிட்டு உள்ளே நுழைந்தால், வெதுவெதுப்பு வந்து மேலே போர்த்துகிறது. நாற்காலி முழுக்க வெல்வெட். உட்கார்ந்ததும் விளக்கை வேறு அணைக்கிறார்கள். இதற்கு மேல் தாலாட்டு ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது வரிசையில் அத்தான் நடுவில், அக்கா அவருக்கு வலப்பக்கம், நான் குண்டூசியோடு இடப்பக்கம். அக்கா அவர் வாயில் நாலு மிளகைப் போட்டு, "கடிங்க" என்றாள்.

திரை விலகியது. ஒரு விடுதிக் கூடம். மங்கலான விளக்கு. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது. வெளியே மெல்லிய மழைச் சத்தம். முதல் சில நிமிடங்களுக்கு யாருமே வரவில்லை. எழுதியவனுக்கு எங்கள் குடும்பத்தோடு என்ன பகையோ தெரியவில்லை. அத்தானின் இமைகள் இறங்கின. குத்தினேன். ஏறின. மறுபடி இறங்கின. மிளகைக் கடித்தார். தன் காதைத் தானே திருகிக்கொண்டார். நெற்றியில் வியர்வை அரும்பியது. அடுப்பு எதிரில் நின்றுகூட அவர் இப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

அப்போது பாப்பா மேடைக்கு வந்தாள். விடுதிக்காரி வேஷம். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வர மறுக்கும் ஒரு விருந்தாளியை, அவள் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசியே வெளியே வரவைக்க வேண்டும், அதுதான் கதை. அவள் குரல் கேட்டதும் அத்தான் நிமிர்ந்தார். கண் இரண்டும் அகல விரிந்தன. அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று பாப்பா மேடையில் கேட்டபோது அத்தான் கையைத் தூக்கினார். நான்தான் பிடித்து இறக்கினேன். தேநீர் ஊற்றும்போது கூஜாவின் மூடி நழுவிக் கோப்பைக்குள் விழுந்தது. "நீயுமா என்னை விட்டுப் போறே?" என்று பாப்பா அதைத் திட்ட, அரங்கமே சிரித்தது. அத்தான் சிரிக்காமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஆரம்பத்தில் விசில் போல, பிறகு மரம் அறுப்பது போல. பழக்க தோஷத்தில் நான் அத்தானைக் குத்தினேன்.

"ஸ்ஸ்! நான் இல்ல மாப்ளே!" என்றார், கண்ணை அகலத் திறந்தபடி.

எட்டிப் பார்த்தேன். தூக்கமே வராத உடம்பு வாகு கொண்ட என் அக்கா, அத்தானின் தோளில் கன்னத்தை அழுத்தி, வாயைத் திறந்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டையைப் பற்றிச் சொன்னால் தம்பி என்ற முறையில் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அத்தானுடையதற்கு ஒரு படி மேல்.

முன்வரிசைத் தலைகள் திரும்பின. மேடையில் பாப்பாவின் வசனம் ஒரு கணம் தயங்கியது.

"அக்காவை எழுப்புங்க அத்தான், சீக்கிரம்!"

அவர் அக்காவைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் எழுப்பவில்லை. "ராத்திரி பூரா கண்ணு மூடல மாப்ளே. விடு, பாவம்" என்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். தன் தலையை அப்படியே அக்காவின் தலை மேல் சாய்த்தார். அவள் முகம் அவர் கன்னத்துக்கும் கோட்டுக்கும் நடுவே மறைந்துபோனது. வாயைத் திறந்தார். கண்ணை மூடினார். உள்ளே அக்கா விடும் குறட்டைக்கு வெளியே அவர் உதடு அசைந்தது. பாப்பா எங்கள் பக்கம் திரும்பியபோது அவள் கண்ணுக்குத் தெரிந்தது அவள் நாலாவது முறையாகப் பார்க்கும் காட்சிதான். அவள் முகம் ஒரு நொடி விழுந்ததை நான் பார்த்தேன்.

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவது போல நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். எனக்கோ அதற்கு நேர்மாறான பயம். இந்த மனிதருக்குக் கண்ணை மூடினால் போதுமே, நடிப்பு நிஜமாகிவிடுமே! குனிந்து பார்த்தேன். இடக் கண் கத்திக் கீறல் அளவுக்குத் திறந்திருந்தது. அந்தக் கீறல் வழியாகத் தன் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுபக்கம் திரும்பினால் இரண்டு கண்ணையும் திறப்பார். இந்தப் பக்கம் திரும்பினால் மூடுவார். அன்று அந்த அரங்கத்தில் நன்றாக நடித்தது யார் என்று என்னிடம் கேட்காதீர்கள், என் மருமகள் கோபித்துக்கொள்வாள்.

"சார், அவரைக் கொஞ்சம் எழுப்புங்களேன்" என்று முன்வரிசைக்காரர் என்னிடம் கெஞ்சினார். தலையை ஆட்டிவிட்டு நான் சும்மா இருந்தேன்.

மூன்றாம் காட்சியில் பாப்பா மேஜையருகே உட்கார்ந்து ரொட்டி அறுத்துச் சாப்பிட்டாள். அந்த இடத்தில் மட்டும் அத்தானின் உடம்பு விறைத்து, இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்துகொண்டன. எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

கைதட்டலில் அக்கா விழித்தாள். விழித்த வேகத்தில் அரங்கத்திலேயே பலமாகத் தட்டியவளும் அவள்தான். தட்டிக்கொண்டே முழங்கையால் அத்தானை இடித்தாள்.

"முடிஞ்சிடுச்சு, எழுந்திருங்க! பாவி மனுஷா, கடைசியில தூங்கியே தொலைச்சீங்களா?"

அத்தான் கண்ணைக் கசக்கினார். "கொஞ்சம் அசந்துட்டேன்" என்றார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பாப்பா கண்ணாடி முன் உட்கார்ந்து முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதி முகம் விடுதிக்காரி, பாதி எங்கள் பாப்பா. அக்கா போய்க் கட்டிக்கொண்டாள்.

"அபாரம் பாப்பா! அதுவும் கடைசியில நீ கதவைத் தெறந்துக்கிட்டு வெளிய போனியே, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"நான் வெளிய போகலம்மா. உள்ள இருந்தவருதான் வந்தாரு."

"அதைத்தான் சொல்றேன். போகாம போனியே."

பாப்பாவுக்கு இதைக் கவனிக்கும் மனநிலை இல்லை. அப்பாவைப் பார்க்காமல், கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பரவாயில்லப்பா. நாள் பூரா முயற்சி பண்ணீங்கன்னு தெரியும். உங்களால முடியாது, அவ்வளவுதான். இனிமே நான் கூப்பிடல. நீங்களும் கஷ்டப்பட வேணாம்."

"சரிம்மா" என்றார் அத்தான்.

எனக்கு உண்மை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அத்தான் என் காலை மிதித்தார். ரொட்டிக்காரர் கால், சாதாரணமாக இருக்குமா? உண்மை மறுபடி வயிற்றுக்குள் போய்விட்டது. எல்லோரும் கிளம்பினோம். வாசலில் அத்தான் நின்றார். ஓர் அடி வைத்தார், மறுபடி நின்றார். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, உள்ளே ஏதோ பெரிய போராட்டம். கடைசியில் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அந்த ரொட்டி எந்தக் கடை?"

"எந்த ரொட்டி?"

"மேஜையில வெச்சு அறுத்தியே! கத்தி பட்டதும் பொலபொலன்னு உதிருது. மேல கருகல், உள்ள வேகவே இல்ல. அதைத் தின்னுட்டு, நல்லாயிருக்குன்னு வேற சொல்றே. அப்படிச் சொல்ல எப்படிம்மா உனக்கு வாய் வந்துச்சு? என் பொண்ணா நீ?"

அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பாப்பா பஞ்சைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அது மூணாவது காட்சி."

"மூணாவதோ முப்பதாவதோ!"

"அப்ப நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க."

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவள் மெல்ல அம்மா பக்கம் திரும்பினாள். அக்காவின் கன்னத்தில் அத்தானின் கோட்டுப் பொத்தான் வட்டமாக, நாலு ஓட்டையோடு, முத்திரை குத்தியது போலப் பதிந்திருந்தது.

"என்னடி அப்படிப் பாக்கறே? நானாவது தூங்கறதாவது! ஒரு நிமிஷம் கண்ணை மூடி வசனத்தை மட்டும் கேட்டேன்." கன்னத்தைத் தடவிப் பார்த்த அக்காவின் குரல் இறங்கியது. "ஏங்க, நானா கொறட்டை விட்டேன்?"

"லேசா" என்றார் அத்தான்.

"லேசா எல்லாம் இல்ல" என்றேன் நான். இதற்கு மேல் எந்தக் காலையும் மிதிக்கவிட நான் தயாராக இல்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன், இடக் கண்ணின் கீறல் உட்பட.

பாப்பா சிரிக்க ஆரம்பித்தாள். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தபோது பாதி முகத்துப் பூச்சும் கண்ணீரில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"முழுக்கப் பாத்தீங்களாப்பா?"

"நீ இந்தப் பக்கம் திரும்பின நேரம் போக மீதி எல்லாம் பாத்தேன். அந்த டீ மூடி விழுந்துச்சே, அது நாடகத்துல கெடையாதுதானே? உனக்குக் கை நடுங்குச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு ஈரக்கொலையே அத்துப்போச்சு. ஆனா நீ சமாளிச்சுட்டே." அத்தான் மூக்கை உறிஞ்சினார். "ரொம்ப நல்லா நடிக்கறேம்மா. எனக்குத் தெரியவே தெரியாது. ஆனா அந்த ரொட்டி…"

"நம்ம கடை ரொட்டியை வெச்சா அந்த வாசனைக்கே எனக்குச் சிரிப்பு வந்துடும்பா. அந்த இடத்துல நான் யாருமில்லாதவளா இருக்கணும்."

அத்தான் யோசித்தார். நியாயம்தான் என்று தலையசைத்தார். பாப்பா எழுந்து வந்து அவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த நாடகத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும்பா. முன் வரிசையில சீட்டு. அம்மாவைத்தான் கூப்பிடறதா வேணாமான்னு யோசிக்கணும்."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அத்தான் அவளைப் பார்த்தார்.

"அவளையும் கூப்பிடும்மா. வேற எங்க போய்த்தான் அவ தூங்குவா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் என் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, வெகு நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.